அனஸ்தீசியா எடுக்கலாமா? கஷ்டங்களை மட்டும் கேட்ட தம்பிக்கு

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. கவுன்சலிங்குக்குக் காத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் ரேங்குக்கு எம்.டி. அனஸ்தீசியா, அதாவது மயக்க மருத்துவம், கிடைத்துவிடும். ஓ.பி. இல்லை, வார்டு ரவுண்ட்ஸ் இல்லை, முடித்த மறுநாளே வேலை என்கிறார்கள். நல்லதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். படிக்கும்போதும் அதற்குப் பிறகும் என்னென்ன கஷ்டம் என்று யாராவது சொல்ல முடியுமா?"

தென் மாவட்டங்களில் இருபது வருடத்துக்கு மேலாக மயக்க மருத்துவராக இருக்கிறேன். முதலில் அரசுப் பணி, பிறகு ஃப்ரீலான்ஸ். இந்த வேலையை நான் நேசிக்கிறேன். அதனால்தான் தெரியாமல் யாரும் இதற்குள் வரக்கூடாது என்று நினைக்கிறேன். உங்களிடம் நல்லதைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. வேலை கிடைக்கும், கிளினிக் கட்ட முதலீடு வேண்டாம், வார்டும் கிடையாது. இவற்றுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைத்தான் அவர்கள் விட்டுவிட்டார்கள்.

பயிற்சியிலிருந்து தொடங்குகிறேன். முதல் வருட பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்) காலை ஆறரைக்குத் தியேட்டரில் இருக்க வேண்டும். மயக்க வாயு கொடுக்கும் பாயில்ஸ் மெஷினைச் சரிபார்த்து, சிலிண்டரில் அழுத்தம் பார்த்து, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா என்று பார்த்து, மருந்துகளைச் சிரிஞ்சில் எடுத்துப் பெயர் ஒட்டி வைக்க வேண்டும். சர்ஜன் வரும்போது எல்லாம் தயாராக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒன்று குறைந்தாலும் தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி திட்டு விழும். முதல் சில வாரங்கள் கை கற்றுக்கொள்வது மாஸ்க் பிடிக்க மட்டும்தான். தாடையைத் தூக்கி, மாஸ்க் ஒழுகாமல் முகத்தில் அமுக்கி, மறு கையால் காற்றுப் பையை (பேக்) அழுத்த வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. தாடி வைத்த, பல் இல்லாத, கழுத்துக் குட்டையான ஒருவருக்குச் செய்து பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

இந்தப் பிரிவில் தோற்பதெல்லாம் பத்துப் பேர் முன்னால்தான். மெடிசின் பி.ஜி. ஒரு நோயைத் தப்பாக ஊகித்தால் மறுநாள் ரவுண்ட்ஸில் திருத்திக்கொள்ளலாம். நோயாளி மூச்சுவிட நாம் போடும் டியூப் மூச்சுக்குழாய்க்குப் பதிலாக உணவுக்குழாயில் போனால் அந்த நிமிடமே எல்லோருக்கும் தெரியும். மூச்சை நிறுத்திவிட்டு, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பைக் கையில் வைத்திருக்கிறோம். ஆக்சிஜன் போகாவிட்டால் நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமாகத் தொடங்கும். அந்தக் கணக்கு மனதில் ஓட, பின்னால் சீனியர் "தள்ளு, நான் பார்க்கிறேன்" என்று சொல்லக் காத்திருக்க, கை நடுங்காமல் இருக்கப் பழக வேண்டும். எனக்கு அதற்கு ஒரு வருடம் பிடித்தது. சிலருக்குப் பிடிபடுவதே இல்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள் அல்ல என்று அர்த்தமில்லை. அவர்களுடைய சுபாவம் வேறு, அவ்வளவுதான்.

படிப்பும் லேசானதல்ல. வாயு விதிகள், அழுத்தம், ஓட்டம் என்று பிளஸ் டூவோடு மறந்துபோன இயற்பியல் முழுவதும் திரும்பி வரும். குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓடுவது பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்ற புவாசேய் விதியைப் படிக்கும்போது தூக்கம் வரும். விபத்தில் ரத்தம் கொட்டும் ஒருவருக்கு மெல்லிய கேனுலா (ஊசிக்குழாய்) வழியே ரத்தம் ஏற்ற நிற்கும்போதுதான் அது புரியும். இதற்கு மேல் எல்லோருடைய நோயும் நம்முடைய பாடம். இதய வால்வு சுருங்கியவருக்குக் கால் எலும்பு முறிவு, சிறுநீரகம் செயலிழந்தவருக்குப் பித்தப்பை, ஆஸ்துமாவோடு சிசேரியன். சர்ஜனுக்கு அது ஒரு காலோ ஒரு பித்தப்பையோதான். நமக்கு அந்த ஆள் மொத்தமும்.

டியூட்டி நேரம் பற்றிச் சொல்ல வேண்டும். 24 மணி நேர டியூட்டி முடிந்த காலையில் அன்றைய ஆபரேஷன் லிஸ்ட்டையும் முடித்துவிட்டுத்தான் நாங்கள் ஹாஸ்டலுக்குப் போனோம். பி.ஜி. மாணவர்களுக்கு "நியாயமான" வேலை நேரமும் ஓய்வும் தர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எத்தனை மணி நேரம் நியாயம் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. ஆகவே அதை உங்கள் துறைத் தலைவர்தான் முடிவு செய்வார். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கவனமும் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வண்டி ஓட்டக்கூடாது, போலீஸ் பிடிக்கும். அதே நிலையில் இருக்கும் பி.ஜி.யின் கையில்தான் விடிகாலை மூன்று மணிக்கு ஒரு குழந்தையின் மூச்சு இருக்கிறது. தூக்கமின்மை எல்லாப் பிரிவிலும் உண்டு. ஆனால் நம் வேலையே கண்கொட்டாமல் பார்த்திருப்பதுதான். அதைத் தூங்கி வழிந்துகொண்டு செய்யச் சொல்வது வேலையின் அடிப்படைக்கே எதிரானது. இதைச் சொன்னால் "நாங்களெல்லாம் செய்யலையா?" என்று கேட்பார்கள். செய்தோம். சில தப்புகள் நடந்தன, சிலது கடைசி நொடியில் தப்பின. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதெல்லாம் மூன்று வருடத்தில் முடிந்துவிடும். முடியாமல் கடைசிவரை கூடவே வரும் கஷ்டம் ஒன்று இருக்கிறது. நோயாளி யார், என்ன ஆபரேஷன், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி என்பதையெல்லாம் வேறு ஒருவர் முடிவு செய்திருப்பார். அந்த முடிவுகளின் நடுவே ஓர் உயிரைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் முழுக்க நம்முடையது. இந்த இரண்டுக்கும் இடையில் நமக்கு இருப்பது ஒரே ஒரு சொல்தான்: "மாட்டேன்." அந்தச் சொல்லைச் சொல்லப் பழகுவதுதான் என் அனுபவத்தில் இந்தப் படிப்பின் மிகக் கடினமான பாடம். எந்தப் பரீட்சையிலும் அதைக் கேட்பதில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அரசுப் பணியை விட்ட முதல் வருடம். ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் நாலு வயதுப் பையனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். போய்ப் பார்த்தால் மூக்கு ஒழுகுகிறது, இருமல் இருக்கிறது. சளி பிடித்த குழந்தையின் மூச்சுப்பாதை தொட்டால் சிணுங்கும். ரெண்டு வாரம் கழித்துச் செய்யலாம், இது அவசரம் இல்லை என்றேன். சர்ஜன் நல்ல மனிதர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "அப்பா வெளிநாட்டுல இருந்து லீவுல வந்திருக்காரு, அடுத்த வாரம் கிளம்பிடுவாரு. இந்தச் சளி எந்தப் பிள்ளைக்குத்தான் இல்ல? நீங்க புதுசு, அதான் பயப்படறீங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன். சரி என்றேன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. முடிந்து விழிக்கிற நேரத்தில் குழந்தையின் குரல்நாண்கள் பட்டென்று இறுகி மூடிக்கொண்டன. நெஞ்சு உள்ளே இழுக்கிறது, காற்று மட்டும் போகவில்லை. பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு ஒலி கொடுக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கும். தியேட்டரில் பேச்செல்லாம் நின்று, அந்தச் சுருதி படிப்படியாக இறங்குவது மட்டும் கேட்டது. மாஸ்க்கை இறுக்கி அழுத்தம் கொடுத்தேன், திறக்கவில்லை. நாடித்துடிப்பு குறைய ஆரம்பித்தது. நாடியை ஏற்றும் அட்ரோபினும் தசைகளைத் தளர்த்தும் ஸ்கோலினும் போட்டு, தசைகள் தளர்ந்து, பேக் கைக்கு மிருதுவாக ஆனபோது திரையில் ஆக்சிஜன் எண் நாற்பதுகளில் இருந்தது. பிறகு ஏறியது. பையன் பிழைத்தான், ஒரு குறையும் இல்லை. மாலையில் அவன் அப்பா சர்ஜனுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்தார். நான் காருக்குள் உட்கார்ந்து வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை. அந்தச் சுருதி இறங்கும் சத்தம் இன்றும் சில ராத்திரி தூக்கத்தில் கேட்கும்.

அதற்குப் பிறகு நான் "மாட்டேன்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அதற்கு விலை உண்டு. ஃப்ரீலான்ஸ் மயக்க மருத்துவருக்குச் சொந்த நோயாளி கிடையாது. சர்ஜன் கூப்பிட்டால்தான் வேலை. நாலு தடவை கேஸைத் தள்ளிப்போட்டால் அஞ்சாவது தடவை போன் வராது, ஊரில் இன்னொரு மயக்க டாக்டர் இருக்கிறார். எங்கள் கட்டணம் எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்பதையும் பெரும்பாலும் சர்ஜனும் ஆஸ்பத்திரியும்தான் முடிவு செய்கிறார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் செய்த கேஸ் என்றால் பணம் தொகுப்பாக ஆஸ்பத்திரிக்கு வரும். "இன்னும் கிளெய்ம் வரலை சார்" என்ற பதிலோடு மாதங்கள் ஓடும். நமக்குச் சோறு போடுகிற அதே மனிதரிடம்தான் அவருடைய கேஸை மறுக்க வேண்டியிருக்கிறது. இந்த அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது. ஆள் நல்லவரா கெட்டவரா என்பதற்கு அதில் பெரிய இடமில்லை. கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்குப் போனால் இந்தச் சிக்கல் குறையும். அங்கே ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் என்ற கணக்கு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மறுக்கவே முடியாத கேஸ்களும் உண்டு. அரசுப் பணியில் ஒரு தாலுகா மருத்துவமனையின் சீமாங்க் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை) மையத்தில் இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு வலிப்போடு ஒரு நிறைமாதக் கர்ப்பிணி வந்தார். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது, ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. அந்த நிலையில் தண்டுவடத்தில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசிந்து நரம்பை அழுத்திவிடலாம். முழு மயக்கம் கொடுக்கலாம் என்றால் முகமும் நாக்கும் வீங்கிக் கிடக்கின்றன, டியூப் போடுவதே கஷ்டம். எட்டு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டதாக அவர் மாமியார் சொன்னார். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிரை எடுக்கும். மெடிக்கல் காலேஜ் எழுபது கிலோமீட்டர் தூரம், குழந்தையின் துடிப்பு குறைந்துகொண்டிருக்கிறது. இதில் நல்ல வழி என்று ஒன்றும் கிடையாது. கெட்ட வழிகளில் எது குறைவான கெட்டது என்று இரண்டு நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தில் கேட்க இன்னொரு மயக்க மருத்துவர் இல்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வேறு மாதிரி முடிந்திருக்கவும் முடியும், அதற்கு நான் மட்டும் பதில் சொல்லியிருப்பேன்.

இப்படி ஒற்றை ஆளாக இருக்கும் இடங்களில் லீவு என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை. எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு சில மாதப் பயிற்சி கொடுத்து அவசரப் பிரசவங்களுக்கு மயக்கம் கொடுக்கவைக்கும் அரசுத் திட்டம் ஒன்று உண்டு. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் பல தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள், எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. அப்படியொரு திட்டம் தேவைப்படும் அளவுக்கு ஆள் இல்லாத இடத்தில்தான் நீங்கள் படிப்பு முடித்ததும் கட்டாய அரசுப் பணியான பாண்ட் சேவைக்குப் போவீர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள் விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. தியேட்டரில் எல்லாம் பளபளவென்று இருக்கும். மூச்சில் வெளிவரும் கார்பன் டைஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் இல்லாமல் எத்தனையோ சின்ன ஆஸ்பத்திரிகளில் வேலை செய்திருக்கிறேன். டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை வேறெதையும்விட உறுதியாகச் சொல்லும் கருவி அதுதான். ஆக்சிஜன் மாற்று சிலிண்டர் இருக்கும், அதைத் திறக்கும் சாவி இருக்காது. போதைப்பொருள் சட்டத்தின் உரிம நடைமுறைகளால் ஃபென்டனிலும் மார்ஃபினும் பல சின்ன ஆஸ்பத்திரிகளில் கிடைக்காது. நல்ல வலி நிவாரணி இருந்தும் இல்லாத மாதிரி, கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டும். நான் ஒரு பெட்டி நிறைய என் சொந்தக் கருவிகளைக் காரில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

சிலிண்டரைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். மருத்துவர்கள்மீதான குற்றவழக்குகளுக்கு வரையறை சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வழக்கு எங்கே தொடங்கியது தெரியுமா? மூச்சுத் திணறிய நோயாளிக்காகக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்ததில். 2011இல் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு போய்விட்டது. அவர் நினைவு திரும்பாமலே அடுத்த வருடம் இறந்தார். இரண்டு வாயுவுக்கும் நிறமில்லை. குழாயின் மறுமுனையில் யார் எதை இணைத்தார்கள் என்று நாம் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் குழாயின் இந்த முனையில் நிற்பது நாம்தான்.

எது நடந்தாலும் முதலில் விரல் நீளும் திசை எதுவென்று இதிலிருந்தே தெரிந்திருக்கும். ரத்தப்போக்கில் இறந்தாலும், மாரடைப்பில் இறந்தாலும், வரும்போதே முக்கால் உயிர் போயிருந்தாலும், வெளியே கூட்டத்தில் முதலில் எழும் குரல் "மயக்க ஊசிய ஓவரா போட்டுட்டாங்க" என்பதுதான். சர்ஜனை அவர்களுக்குத் தெரியும். ஓ.பி.யில் மூன்று தடவை பார்த்திருக்கிறார்கள், குடும்ப டாக்டர் அனுப்பிவைத்த ஆள். நாம் அவர்கள் அறியாத முகமூடி. தெரியாத ஆள்மேல் கோபப்படுவது எளிது. சில சமயம் அந்தக் கோபத்தைத் திருத்த வேண்டியவர்களும் சும்மா இருந்துவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன், அதைப் போல மனதை உடைப்பது வேறொன்றும் இல்லை. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் மயக்க மருத்துவர் தன் கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். இறந்துபோன கர்ப்பிணி ஒருவரின் கணவர் பழிவாங்கினார். மருத்துவப் பணியாளர்கள்மீதான வன்முறைக்கு எதிரான தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது 2008இல். சட்டம் ஏட்டில் இருக்கும்போதுதான் அவர் செத்தார். அந்த வாரம் நாங்கள் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தோம், பிறகு அவரவர் தியேட்டருக்குத் திரும்பினோம்.

வழக்கும் வரும். 1995இல் உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அலட்சியத்தால் மரணம் என்றால் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, மருத்துவருக்கு இரண்டு வருடம் வரை சிறை. இந்த இடத்தில் உங்களுக்குத் துணை நிற்பது ஒரு தாள்தான். ஒவ்வொரு ஐந்து நிமிடமும் நாடி, அழுத்தம், ஆக்சிஜன் எழுதிய அனஸ்தீசியா சார்ட். அவசரத்தில் எழுதாமல் விட்டது நடக்காததாகவே கருதப்படும். கை நிறைய வேலை இருக்கும் நேரத்தில்தான் எழுதவும் வேண்டியிருக்கிறது, ஆள் இல்லை என்பது நீதிமன்றத்தில் பதிலாகாது. இழப்பீட்டுக் காப்பீடு எடுக்காமல் ஒரு நாள்கூட வேலை பார்க்காதீர்கள்.

புகழ் வராது என்பதைப் பலர் சொல்லியிருப்பார்கள், அது உண்மைதான். ஆனால் அதன் காரணம் ஒன்று நம் மருந்திலேயே இருக்கிறது. தியேட்டர் டேபிளில் நடுங்கிக்கொண்டிருக்கும் அம்மாவின் கையைப் பிடித்து, "ஒண்ணும் ஆகாதும்மா, நான் கடைசி வரைக்கும் உங்க தலைமாட்டுலயேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு மிடாசோலம் போடுகிறோம். பயத்தைத் தணிக்கும் அந்த மருந்து அதற்குப் பிந்தைய நினைவையும் பதிய விடாது. மறுநாள் வார்டில் போய்ப் பார்த்தால் "நீங்க யாரு சார்?" என்பார். அவர் மறந்துவிட்டது நம் வேலை ஒழுங்காக நடந்ததற்கு அடையாளம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். சில நாள் அது போதும், சில நாள் போதாது. "மயக்க ஊசி போடறதுக்கும் டாக்டருக்குப் படிக்கணுமா?" என்று என் சொந்த அத்தை கேட்டிருக்கிறார். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரால் மயக்கம் கொடுத்துக் காட்டியதன் நினைவாக உலக மயக்கவியல் நாள் கொண்டாடுகிறோம். வருடா வருடம் அன்று ஆஸ்பத்திரி வாசலில் பேனர் கட்டி, நாங்களும் டாக்டர்கள்தான் என்று மக்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

நினைவில் வைத்திருந்தால் குறை சொல்லத்தான். "சிசேரியன்ல முதுகுல போட்ட ஊசி, அதுலேர்ந்து இடுப்பு வலி" என்று நம் ஊரில் சொல்லாத பெண் அரிது. வருடக்கணக்கான இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணமில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. கர்ப்பத்தில் தளர்ந்த தசைகள், பிள்ளையைத் தூக்குவது, ரத்தசோகை, ஓய்வில்லாத வீட்டு வேலை என்று காரணம் பல. ஊசி போட்டபின் சிலருக்குச் சில நாள் தலைவலி வருவது உண்மை, மெல்லிய ஊசிகள் வந்தபின் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. கல்யாண வீட்டில், பஸ்ஸில், கோயில் வரிசையில் என்று இதை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமை வேண்டும், ஏனென்றால் அந்தப் பெண்ணின் வலி நிஜம்.

உடம்புக்கு வருவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கசியும் வாயுக்களை வெளியேற்றும் வசதி இல்லாத தியேட்டர்கள் இன்னும் இருக்கின்றன. நைட்ரஸ் ஆக்சைடு காற்றில் 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1977இலேயே பரிந்துரைத்தது. நான் வேலை செய்த சின்ன தியேட்டர் எதிலும் அதை அளந்து பார்த்ததில்லை. பி.ஜி. படிக்கும்போது கர்ப்பமாகும் பெண்களுக்கு இது உண்மையான கவலை, கேட்டு வேறு போஸ்டிங் வாங்குங்கள். எலும்பு ஆபரேஷன்களில் சி-ஆர்ம் எக்ஸ்ரே, தோளில் ஈய ஏப்ரன். தனி ஆளாக இருக்கும்போது நோயாளியை விட்டு நகர முடியாது, ஆகவே தண்ணீர் குடிக்காமல், சிறுநீர் கழிக்காமல் ஐந்து மணி நேரம். என்னுடைய சிறுநீரகக் கல் அங்கே உருவானது என்றுதான் நினைக்கிறேன். 2020இல் கோவிட் வந்தபோது டியூப் போடுபவர் நோயாளியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றார். நான் நாலு மாதம் வீட்டு மாடி அறையில் தனியாகப் படுத்தேன், சாப்பாட்டுத் தட்டு படிக்கட்டில் வரும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. வலியை, பதற்றத்தை, தூக்கமின்மையைச் சில நொடியில் அணைக்கும் மருந்துகள் தினமும் நம் கையில் இருக்கின்றன. நம் பிரிவில் போதைப் பழக்கம் மற்றப் பிரிவுகளைவிட அதிகம் காணப்படுவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். என்னோடு படித்தவர்களில் ஒருவரை அப்படி இழந்தோம். அவர் எங்கள் பேட்ச்சிலேயே கை தேர்ந்தவர், எந்தக் கஷ்டமான டியூப்பையும் போட்டுவிடுவார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நோயாளி இறந்த அன்று ராத்திரி யாரும் நம்மை உட்காரவைத்து "என்னப்பா, எப்படி இருக்க?" என்று கேட்பதில்லை. அடுத்த கேஸ் காத்திருக்கும். உங்களுக்கோ உங்கள் ரூம்மேட்டுக்கோ அப்படி ஒரு இருட்டு வந்தால் ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். ஆளே இல்லையென்றால் அரசின் மனநல உதவி மையமான டெலிமானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தால் இருபது நிமிடத்தில் போயாக வேண்டும். எனவே குடும்பத்தோடு வெளியூர் போவதென்றால் நாலு ஆஸ்பத்திரியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். என் மகளின் பள்ளி ஆண்டுவிழாக்களில் பாதியை வீடியோவில் பார்த்தேன். பெண் மருத்துவர்கள் ராத்திரி அழைப்புக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போவதைக் குடும்பங்கள் இன்னும் தயக்கத்தோடுதான் ஏற்கின்றன. நல்ல கைகள் பல அதனாலேயே ஃப்ரீலான்ஸை விட்டுவிட்டன.

இவ்வளவும் கேட்ட பிறகும் எடுக்கலாம் என்று தோன்றினால், கவுன்சலிங்கில் கல்லூரித் தேர்வை உறுதிசெய்வதற்கு (சாய்ஸ் லாக்) முன் அந்தக் கல்லூரியில் இப்போது இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரைப் பிடித்துச் சில விஷயங்கள் கேளுங்கள். முதல் வருட பி.ஜி. ராத்திரியில் கேஸ் செய்யும்போது சீனியர் தியேட்டருக்குள் இருப்பாரா, போனில் இருப்பாரா? எல்லா டேபிளிலும் கேப்னோகிராஃப் உண்டா? குழந்தைகளுக்கான கேஸ் வருமா? டியூட்டி முடிந்த மறுநாள் விடுவார்களா? கடைசியாக, ஒரு பி.ஜி. "இந்த கேஸ் இன்றைக்கு வேண்டாம், தள்ளிப்போடலாம்" என்று சொன்னால், சர்ஜரி புரொஃபசர் கத்தும்போது உங்கள் துறைத் தலைவர் யார் பக்கம் நிற்பார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அந்த மாணவர் யோசிக்காமல் நல்ல பதில் சொன்னால், ரேங்க்கில் அந்தக் கல்லூரி இரண்டு இடம் கீழே இருந்தாலும் அதையே மேலே போடுங்கள்.